குட்டியைக் கவ்விய புலி

எங்கள் ரப்பர் தோட்டத்து முனியாண்டி கோயில் புலியை ஒரு பிரெஞ்சுக்காரர் செய்தார் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், குடித்துவிட்டு உளறாதே என்று விரட்டியிருப்பார்கள். வெண்கலப் புலி அது. வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு ஒரு காலைத் தூக்கி நடக்கும். கடைசித் துரை ஊருக்குப் போனபோது பங்களா வாசலில் விட்டுப்போனதை, முனியாண்டிக்கு வாகனமாக இருக்கட்டும் என்று எங்கள் ஆட்கள் தூக்கி வந்துவிட்டார்கள். முனியாண்டியும் ஒன்றும் சொல்லவில்லை.

வெண்கலம் கறுத்திருந்தால் அது அழுக்கு, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் புளியும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்கைப் போலத் துலக்கினோம். கறுப்பு போயிற்று. பீடத்தில் கீறியிருந்த சிற்பியின் பெயரும் கூடவே போயிற்று.

அதே அச்சில் வார்த்த இன்னொரு புலியைப் போன வருடம் ஒரு கண்காட்சியில் பார்த்தேன். கருந்தேன் நிறம், சிற்பியே ஏற்றியது. பக்கத்தில் அந்தச் சிற்பியின் கதையை எழுதிவைத்திருந்தார்கள். பாரீஸ் மிருகக்காட்சிசாலையில் கூண்டுகளுக்கு முன்னால் களிமண்ணோடு உட்கார்ந்தே ஆயுளைக் கழித்தவராம். காட்டைக் கண்ணால் கண்டதில்லை. மிருகம் மட்டுமே செய்கிறவனைச் சிற்பி என்று அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் மதிக்கவில்லை. பணக்கார வீடுகளில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைக்கத்தான் வாங்கினார்கள். கூண்டிலேயே ஈன்ற புலியொன்று, ஒளித்துவைக்க இடம் கிடைக்காமல் குட்டியை மூலைக்கு மூலை தூக்கி அலைந்ததைப் பார்த்து இதைச் செய்தாராம். அதற்குப் பிறகு அவர் களிமண்ணைத் தொடவே இல்லையாம். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சித்தி சொன்னதும் இதைத்தானே!

சித்தி அம்மாவின் தங்கை. சித்தப்பா தாப்பா ஊர்ப் பக்கம் லாரி ஓட்டப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டதால் எங்களோடு இருந்தாள். அவளுடைய கைக்குழந்தை காய்ச்சலில் செத்தபோது கோயிலுக்குப் பின்னால் மேட்டில் புதைத்தார்கள். அதிலிருந்து புலியைத் துலக்குவது அவள் வேலையாயிற்று. வெள்ளிக்கிழமை என்ற கணக்கெல்லாம் போய் தினமும் துலக்கினாள். முடித்ததும் குட்டியின் வாயில் பால் தொட்டு வைப்பாள். புலி குட்டியைத் தின்னுகிறது என்று பையன்கள் சீண்டினால்கூடக் கோபப்படமாட்டாள்.

"திங்கலடா. தூக்கிக்கிட்டுப் போவுது. பத்திரமா வைக்க எடம் தேடுது."

வீடு கட்டுகிற கம்பெனிக்குத் தோட்டத்தை விற்றார்கள். மேட்டைத் தள்ளப்போகிறார்கள் என்று தெரிந்ததும் லயத்து வீடுகளில் எல்லோரும் கலங்கினார்கள். சித்தி மட்டும் கலங்கவில்லை. மெஷின் வருவதற்குள் புலி பிள்ளையைத் தூக்கிப் போய்விடும் என்றாள். சொன்னபடியே ஆயிற்று. பங்களாச் சாமான் என்று கம்பெனி ஆட்கள் புலியை லாரியில் ஏற்றி ஈப்போ டவுனுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மேடு இல்லை.

"எடுத்துக்கிட்டுப் போயிருச்சுக்கா," என்று அம்மாவிடம் சொன்னாள் சித்தி. அத்தனை நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

பிறகு சோறு இறங்கவில்லை. ஈப்போவில் எந்த இடம், எந்த இடம் என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டாள். பால் டம்ளரோடு பெரிய ரோட்டுக்குப் போய் லாரிகளை மறித்தாள். ஒரு லாரி அவள் சேலையை உரசிக்கொண்டு நின்றது. மறுநாள் காலையில் அப்பா ஒரு வேனைக் கூட்டி வந்தார்.

"கெளம்பு புள்ள. புலி இருக்கிற எடம் தெரிஞ்சிருச்சு. போய்ப் பாத்துட்டு வரலாம்."

சித்தி தலைக்குக் குளித்தாள். கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, தூக்குச்சட்டியில் பாலை ஊற்றி எடுத்துக்கொண்டாள். நானும் வருவேன் என்று வேன் கதவைப் பிடித்துத் தொங்கினேன். அம்மா முதுகில் ஓர் அடி வைத்து இழுத்துப் பிடித்துக்கொண்டாள். சித்தி சன்னலுக்கு வெளியே கையை நீட்டி என் தலையைத் தடவினாள்.

"அழாதலா. அடுத்த தடவ ஒன்னையும் கூட்டிக்கிட்டுப் போறேன்."

வேன் முச்சந்தியில் தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் திரும்பியது. பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற ஊர். ஈப்போவுக்குப் போகும் வழி அதுவல்ல என்று அப்போது எனக்குத் தெரியாது. எனக்குப் புலியைக் காட்டாமல் போகிறார்களே என்று மண்ணில் புரண்டு அழுதேன். அம்மாவும் வாசலில் உட்கார்ந்து அழுதாள். அவளையும் கூட்டிப்போகவில்லை, பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.