என் பஞ்சாபியில் பொக்கெட் வந்துவிட்டது

இரண்டு பக்கமும். மணிக்கட்டு வரை கை உள்ளே போகிறது.

தைக்கக் கொடுத்த சல்வார் செட்டை எடுக்க இன்று சித்தியோடு வெள்ளவத்தைத் தையல்கடைக்குப் போனேன். வீடு வரும்வரை பொறுமை இல்லை. அங்கேயே போட்டுக்கொண்டு, கை இரண்டையும் பொக்கெட்டுக்குள் விட்டபடி திரைக்கு வெளியே வந்து நின்றேன்.

சித்தி மேலும் கீழும் பார்த்தார். "பஞ்சாபிக்குப் பொக்கெட்டோ? நீ என்ன பஸ் கொண்டக்டரோ?"

"இப்ப கனபேர் கேக்கினம், அன்ரி," என்றார் தைத்த அக்கா.

"கேட்டா? இடுப்பில புடைச்சுக்கொண்டெல்லோ நிக்கும். கலியாணவீட்டில ஆக்கள் என்ன நினைப்பினம்? வடிவா ஒரு ஹான்ட்பேக் கொண்டுபோறதுக்கு என்ன?"

பிளவுஸுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்கள் பக்கம் திரும்பினார். "என்ர மனுசன்ர காற்சட்டையில ஆறு பொக்கெட். அவரை ஒருத்தரும் ஒண்டும் நினைக்கேல்லை."

கடையே சிரித்தது. சித்தி மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் காலி வீதிக் கடையொன்றில் மரக்கறி வாங்கியதும் சித்தியின் இரண்டு கையிலும் பை. "ஹான்ட்பேக்கைத் திறக்கப் பஞ்சியா இருக்கு, இதை ஒருக்கா வச்சிரு," என்று போனை நீட்டினார். பிறகு வீட்டுச் சாவி. பிறகு கண்ணாடிக்கூடு. என் போனை நான் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டு வாசலில் சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியே, புடைச்சுக்கொண்டு நிக்குது. நான் அப்பவே சொன்னனான்தானே."

பொக்கெட் வைத்த பெண்களே, உங்களுடையதில் யாருடைய சாமான் இருக்கிறது?