பிளெஸ்ஸியின் வெயில் வண்டி

கறம்பக்குடி டாக்சி ஸ்டாண்டுக்கு முதல் எலெக்ட்ரிக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியவள் பிளெஸ்ஸி. அன்றைக்கு ஸ்டாண்டின் மூத்த டிரைவர் ரத்தினவேல் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"வண்டி லட்சணமாத்தான் இருக்கு தங்கச்சி. கந்தர்வகோட்டை தாண்டி நின்னுபோச்சுன்னா ஒயரை எங்கிட்டுக் கொண்டுபோயி சொருகுவ? பனமரத்துலயா?"

ஸ்டாண்டே சிரித்தது. பிளெஸ்ஸியும் சேர்ந்து சிரித்தாள். கேலி அவளுக்குப் பழகிப்போன ஒன்று.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் முடித்த கையோடு, கடலோரத்து அணுமின் நிலையம் ஒன்றில் ஒப்பந்த வேலைக்குப் போனவள் அவள். அணு உலைக்குப் பக்கத்தில்கூட இல்லை. அங்கே பிறக்கிற மின்சாரத்தைப் பெரிய கம்பிகளில் ஏற்றி வெளியூருக்கு அனுப்புகிற சுவிட்ச்யார்டில்தான் வேலை. ஊரில் அதையெல்லாம் யார் பிரித்துப் பார்த்தார்கள்? லீவுக்கு வந்தால் 'அணுகுண்டு வந்துருக்கு' என்றார்கள். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், பலகாரத்தைத் தின்று முடித்துவிட்டு, "அந்தக் காத்துப் பட்ட புள்ளைக்கு நாளைக்கு வவுத்துல ஒண்ணு தங்குமா?" என்று கேட்டார்கள். அப்பா இன்னாசி அவர்களை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அதன்பிறகு வந்த டாக்சி டிரைவர் ஜஸ்டின் மட்டும் எதையும் கேட்கவில்லை. "எனக்கு டீசல் வாடை, ஒனக்குக் கரண்டு வாடை. சரியாப் போச்சு" என்றான். மாதா கோவிலில் கல்யாணம் நடந்தது. இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள், கேள்வி கேட்டவர்கள் வாயை மூட.

கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டாரை ஊரில் விட்டுவிட்டுப் போய்வந்த அந்த வேலையில் அவளுக்குப் பெருமைதான். எங்கேயோ இருக்கிற ஆஸ்பத்திரியும் மில்லும் தன் கண் முன்னால் போகிற கம்பியால் ஓடுகின்றன என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பைக் கஜா புயல் பிடுங்கிப் போட்டது. மின் நிலையத்தில் உற்பத்தி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஆனால் அவளுடைய ஊரில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, ஒரு மாதத்துக்கு மேல் இருட்டு. போனில் ஜஸ்டின், "புள்ளைக மெழுகுவத்தியில படிக்குதுக" என்றான்.

"ஊருக்கெல்லாம் கரண்டு அனுப்புறேங்க. என் வீட்டுக்கு அனுப்ப முடியல."

எங்கோ தூரத்தில் பிறக்கிற மின்சாரம் எத்தனை பெரிதாக இருந்தாலும் கம்பம் நிற்கிற இடம் வரைக்கும்தான் வரும் என்பது அன்றைக்கு அவள் மனதில் முள்ளாகத் தைத்தது. ஒப்பந்தம் முடிந்ததும் அவள் அதைப் புதுப்பிக்கவில்லை. ராமநாதபுரம் பக்கம் சூரிய மின்சாரப் பண்ணை ஒன்றில் சேர்ந்து அந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். பிறகு ஊருக்கே திரும்பி, தன் வீட்டு மொட்டைமாடியில் சோலார் பேனல்களை நிறுத்தினாள். வெளிக் கம்பியில் கரண்டு போனாலும் வீடு தனியாக ஓடும்படி, பேட்டரியோடு.

இன்னாசிக்கு அது பிடிபடவில்லை.

"ராவும் பகலும் எரியிற அடுப்புல வேல பாத்தவ. பொழுது சாஞ்சா அணைஞ்சு போற அடுப்பை நம்புறியே ஆத்தா."

"குழாயில காலையிலதான தண்ணி வருது? புடிச்சு வச்சுக்கிட்டு ராத்திரி குடிக்கிறமா இல்லையா? அப்பிடித்தாம்ப்பா பேட்டரி."

இன்னாசி அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. ஜஸ்டினின் டீசல் கார் நடுரோட்டில் இன்ஜின் பழுதாகி நின்றபோது, இனி வாங்கினால் எலெக்ட்ரிக்தான் என்று பிளெஸ்ஸி பிடித்த பிடியில் நின்றாள். ஜஸ்டின் அரை மனதோடு சரியென்றான். ஒரு நாள் அவன் ஓட்டுவான், மறுநாள் அவள். பகலில் மொட்டைமாடி வெயிலைக் குடித்துவிட்டு வண்டி சவாரிக்குக் கிளம்பும். பெண்கள், பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரிகள், பரீட்சைக்குப் போகிற பெண் பிள்ளைகள் எல்லாரும் பிளெஸ்ஸியைத்தான் கூப்பிட்டார்கள். ஸ்டாண்டின் கேலி மட்டும் ஓயவில்லை.

கார் வாங்கிய வருடம் நவம்பரில் மறுபடி ஒரு புயல் வருவதாக டிவியில் சொன்னார்கள். வானம் ஈயம் பூசினாற்போல இருந்தது. ஊர்க்காரர்கள் ஆடு மாடுகளை ஓட்டிப்போய்க் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பிளெஸ்ஸியும் ஜஸ்டினும் மொட்டைமாடியில் ஸ்பேனரோடு நின்றார்கள். ஒவ்வொரு பேனலாகக் கழற்றி, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியிறக்கி, வீட்டுக்குள் மெத்தைமேல் அடுக்கினார்கள். ஒன்றோடொன்று உரசாமலிருக்க இடையிடையே அவளுடைய பட்டுச்சேலைகள்.

"கல்யாணப் பட்டுமா?" என்றான் ஜஸ்டின்.

"அதுதாங்க நல்ல கெட்டி."

புயல் அடித்து ஓய்ந்தது. விடிந்தபோது தென்னைகள் ரோட்டில் படுத்துக் கிடந்தன, கம்பங்கள் முறிந்து கம்பிகள் வயலில் கிடந்தன. வானமோ ஒன்றுமே நடக்காதது போலத் துடைத்து வைத்தாற்போல் நீலமாக இருந்தது. இருவரும் மறுபடி மாடியேறிப் பேனல்களை மாட்டினார்கள். மதியத்துக்குள் வீட்டில் விளக்கு எரிந்தது. ஊரிலேயே அந்த ஒரு வீட்டில்தான்.

மறுநாள் காலையில் பக்கத்துத் தெரு முனியாயி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். அவள் புருஷன் பிச்சைமுத்துவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் குறித்த நாட்களில் புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். புயலால் ஒரு முறை தவறிவிட்டது. ஆளுக்கு முகம் வீங்கி, மூச்சு இரைக்கிறது.

"ஆத்தா பிளெஸ்ஸி, டவர் இல்ல, ஆம்புலன்சைக் கூப்பிட முடியல. ஸ்டாண்டுல கேட்டேன். ஒரு வண்டியிலயும் டீசல் இல்லையாம். பங்க்ல கரண்டு இல்லாம மோட்டார் ஓடலையாம்."

"மாமாவைத் தயார் பண்ணுங்க அத்தை. இந்தா வாரேன்."

கார் முழுச் சார்ஜில் நின்றது. ஜஸ்டின் அரிவாளையும் ரம்பத்தையும் பின்னால் போட்டுக்கொண்டு ஏறினான். ஆலங்குடி ரோட்டில் இரண்டு இடத்தில் மரம் குறுக்கே கிடந்தது. அவன் இறங்கிக் கிளைகளை வெட்ட, வயலில் நின்றவர்கள் கூப்பிடாமலே வந்து கை கொடுத்தார்கள். பின்சீட்டில் பிச்சைமுத்து உட்காரவும் முடியாமல் சாயவும் முடியாமல் தவித்தார்.

"முடியலம்மா..."

"இந்தா வந்துட்டோம் மாமா. ஏசியைக் கூட்டி வைக்கிறேன். மூச்சை மெதுவா இழுத்து விடுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்த நர்ஸ், "கறம்பக்குடியிலேர்ந்தா? அந்தப் பக்கத்துல வண்டியே வரலைன்னாங்களே, எப்பிடி வந்தீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்ல நேரமில்லை. சாயங்காலம் பிச்சைமுத்து தன் காலாலேயே நடந்துவந்து காரில் ஏறினார். முனியாயி பிளெஸ்ஸியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

அதோடு முடியவில்லை. வீடு திரும்பினால் தெருவில் காலிக் குடங்கள். ஆழ்குழாய்த் தண்ணீரை மோட்டார் ஏற்றித் தருகிற தெரு மினி டேங்க்கில் தண்ணீர் தீர்ந்துபோய், பெண்கள் வாய்க்கால் தண்ணீரை வடிகட்டத் தொடங்கியிருந்தார்கள். பிளெஸ்ஸி டேங்க்கையும் பார்த்தாள், காரையும் பார்த்தாள். அந்தக் காரிலிருந்து வெளியே கரண்டு எடுக்க ஒரு வசதி உண்டு. டேங்க்கின் மோட்டாரோ சின்னது.

விடிந்ததும் லைன்மேன் கோபிநாத்தைத் தேடிப் போனாள். அவர் வயலுக்குள் ஒரு கம்பத்தின் மேல் இருந்தார். காரிலிருந்து டேங்க் மோட்டாருக்குக் கரண்டு கொடுக்கலாமா என்று கீழே நின்று கேட்டாள்.

"செய்யிம்மா. ஆனா கம்பிக்குத் திரும்பிக் கரண்டு வந்துறக் கூடாது. நாங்க மேல நிக்கிறோம்."

"லைனைத் தனியாக் கழட்டிட்டுத்தான் சார் குடுப்பேன். ஒங்காளு ஒருத்தரைப் பாத்துக்கச் சொல்லுங்க."

அவரே இறங்கி வந்தார். ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒயரில் டெஸ்டரை வைத்துச் சோதித்து, தலையாட்டினார். பிளெஸ்ஸி காரை டேங்க் அருகே நிறுத்தி இணைப்பைக் கொடுத்தாள். தெருவே கூடி நின்றது. சுவிட்சைப் போட்டாள். ஒன்றும் இல்லை. யாரோ 'ப்ச்' என்றார்கள். பிறகு தரைக்குள் ஒரு உறுமல் கேட்டது. குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, செந்நிறமாகக் கொஞ்சம் கக்கியது. அப்புறம் பளிச்சென்று தண்ணீர்.

முனியாயிதான் முதலில் குலவையிட்டாள். அடுத்த நொடி தெருப் பெண்கள் எல்லாருமே குலவையிட்டார்கள். பிள்ளைகள் குழாய்க்கடியில் தலையைக் கொடுத்தன. இன்னாசி ஒரு சொம்பு தண்ணீரை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு உரக்கச் சொன்னார்:

"எம் மகடா!"

கம்பங்கள் நிமிர்கிற வரைக்கும் அந்த வெள்ளைக் கார் தெருத் தெருவாகப் போனது. காலையில் தண்ணீர், பகலில் வீட்டு மாடியில் சார்ஜ், முறை வரும் நாளில் பிச்சைமுத்துவோடு புதுக்கோட்டை. செல்போன் சார்ஜ் போட வந்த கூட்டத்தில் ரத்தினவேலும் நின்றார். போனை நீட்டியவர், கூச்சப்படாமல் கேட்டார்:

"தங்கச்சி, இந்த வண்டியை எங்கிட்டு வாங்கின? என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

கூட்டிக்கொண்டு போனாள். அடுத்த பொங்கலுக்குள் ஸ்டாண்டில் இரண்டாவது எலெக்ட்ரிக் கார் நின்றது. மினி டேங்க்குக்கு மேலேயே பேனல் வைத்துத் தரும்படி ஊராட்சி அவளைக் கேட்டது. ஒரு தெருவில் முடித்ததும் அடுத்த தெரு கேட்டது, அடுத்த ஊரும் கேட்டது. பிளெஸ்ஸி தெருப் பெண்கள் நான்கு பேருக்கு வேலை பழக்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

பழைய மின் நிலையத்துத் தோழி ஒருத்தி போனில், "இவ்வளவு பெரிய இடத்துல இருந்துட்டு, இப்ப தெருத் தொட்டிக்குக் கரண்டு குடுக்குறியா?" என்று கிண்டலாகக் கேட்டாள்.

"அங்க கரண்டு கெளம்பிப் போறதைப் பாத்தேன்டி," என்றாள் பிளெஸ்ஸி. "இங்க வந்து சேர்றதைப் பாக்குறேன்."

போன வாரம் குன்றாண்டார்கோவிலிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கும் துணை சுகாதார நிலையத்துக்கும் பேனல் வேண்டுமாம். பிளெஸ்ஸி முன்னால் ஓட்ட, ஏணியையும் நான்கு பெண்களையும் ஏற்றிக்கொண்டு ரத்தினவேலின் கார் பின்னால் வந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. பெண்கள் ஜன்னலை இறக்கிவிட்டு, வழியெல்லாம் பாடிக்கொண்டே போனார்கள்.