கமிஷனர் கையெழுத்துப் போடும்வரை

என் அக்கா புருஷன் கோர்ட்டில் அமீனாவாக இருந்தார். ஜட்ஜ் போடுகிற உத்தரவை உரியவர் கையில் கொண்டுபோய்ச் சேர்த்து, கையெழுத்து வாங்கி வருகிற வேலை. முப்பத்தோரு வருஷம் அதே வேலை, அதே சைக்கிள். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இன்றும் தெருவில் சைக்கிள் மணி ரெண்டு தரம் அடித்தால் என் தலை தானாகத் திரும்பும்.

நான் நகராட்சியில் புல்டோசர் ஓட்டினேன். கல்யாணம் ஆகும்வரை அக்கா வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். "ஒருத்தன் இடிக்கப் போறான், ஒருத்தன் தடுக்கப் போறான். ரெண்டு பேர் துணியையும் நான்தான் துவைக்கணும்" என்று அக்கா காலையிலேயே ஆரம்பித்துவிடுவாள்.

மாமா ஆள் ஒல்லி. ஊதினால் பறந்துவிடுவார் போலிருப்பார். சட்டைப் பையில் எப்போதும் ரெண்டு பேனா. 'பேனா இல்லையே' என்று நழுவுகிறவர்களுக்கு ஒன்று, 'இதில் மை வரலையே' என்கிறவர்களுக்கு இன்னொன்று. அவரைக் கண்டு ஒளிந்தவர்கள் கதையைச் சொல்லச் சொன்னால் அக்கா பிள்ளைகள் சோற்றை மறந்து கேட்கும். மரக்கடை முதலாளி ஒருவர் காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டாராம். மாமா எட்டிப் பார்த்து, "உள்ளயே இருங்கய்யா, பேப்பரை இறக்கி விடுறேன்" என்றாராம்.

ஒருநாள் சும்மா வம்புக்கு இழுத்தேன். "ஏன் மாமா, எங்க கமிஷனருக்கு ஆள் இருக்கு, வண்டி இருக்கு, கூப்பிட்டா போலீஸ் வரும். உங்க ஜட்ஜ்கிட்ட என்னதான் இருக்கு?"

"பேப்பர் இருக்கு. அதைத் தூக்கிட்டுப் போக நான் இருக்கேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாண்டா. அதான் அது ஒழுங்காப் போய்ச் சேரணும்."

எனக்கு அப்போது அது சிரிப்பாக இருந்தது.

அந்த வருஷம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ரோட்டை அகலமாக்க நகராட்சியில் தீர்மானம் போட்டார்கள். வரிசையாக எட்டு வீடு போக வேண்டும். எல்லாம் வரி கட்டி, விளக்குப் போட்டு, பிள்ளை பெற்று வாழ்ந்த வீடுகள். மூன்றாவது வீட்டில் ஒரு தையல்கார அம்மா. முன்னறையில் மிஷின், பின்னால் அடுப்பு, நடுவில் ஒரு திரை, அதுதான் அவள் வீடு. என் காக்கிச் சட்டைக்குக் கிழிசல் தைத்ததெல்லாம் அவள்தான். அந்த எட்டு வீட்டுக்கும் ஒரு துண்டு நோட்டீஸ்கூடக் கொடுக்காமல் என்னை வண்டியெடுக்கச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் காதில் அரசல்புரசலாக விழுந்து, அன்று காலையில்தான் கோர்ட்டுக்கு ஓடியிருக்கிறார்கள்.

பன்னிரண்டு மணிக்கு முதல் ரெண்டு வீட்டையும் முடித்திருந்தேன். அந்த ரெண்டிலும் ஆள் காலி செய்திருந்தார்கள். மூன்றாவதுக்கு வண்டியைத் திருப்பும்போது சைக்கிள் மணி கேட்டது. மாமா! சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பக்கத்தில் நின்று என்னை வேலை வாங்கிக்கொண்டிருந்த நகராட்சி இன்ஜினியரிடம் நேரே போனார். "தடை உத்தரவு வந்திருக்குங்க."

"அதுல என் பேர் இருக்கா?"

"கமிஷனர் பேருக்கு."

"அப்ப அவர்கிட்ட போய்க் குடு. அவர் வெளியூர் போயிருக்கார். டேய், நீ என்னடா வேடிக்கை பாக்குற? ஓட்டு!"

நான் மாமாவைப் பார்த்தேன். ஒரு கண் ஜாடை காட்டியிருந்தால் போதும், வண்டி மக்கர் என்று இறங்கியிருப்பேன். அவர் வண்டிப் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, "என்னைப் பாக்காதடா. ஓட்டுறதா வேணாமாங்கிறது உனக்கும் உன் ஆபீசருக்கும். அமீனா மச்சான் நிறுத்திட்டான்னு நாளைக்கு ஒரு பய சொல்லக்கூடாது" என்றார்.

சொல்லிவிட்டு, அந்த இன்ஜினியரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் நிமிஷத்துக்கு ஒருமுறை புளியமரத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தான். அங்கே ஒரு ஜீப், கண்ணாடியெல்லாம் ஏற்றி நின்றது. மாமாவுக்கு அது போதும். ஒளிகிற ஆட்களோடு காலம் தள்ளியவர். நேரே போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

உள்ளே கமிஷனர். நியூஸ் பேப்பரைப் படிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கோர்ட் உத்தரவு."

கண்ணாடி இறங்கவில்லை. தையல்கார அம்மா ஓடிப்போய், "கண்ணாடியில ஒட்டிடுங்க சார்!" என்று கத்தினாள்.

"ஜீப்புல ஒட்டுனா செல்லாதும்மா. ஆபீஸ் கதவு, வீட்டுக் கதவு, இல்லைன்னா அவர் கை. செல்லாத பேப்பரை வச்சு இன்னிக்கு நிறுத்துனா நாளைக்குத் திரும்ப வருவாங்க."

ஜீப்புக்கு முன்னால் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். "நான் நிழல்லதான் நிக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் இருப்பேன். உங்களுக்குத்தான் உள்ள வேகும்" என்றார். கூட்டம் சிரித்தது.

அந்த வெயிலில் மூடிய ஜீப்புக்குள் ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் தாங்குவான்? பதினைந்து நிமிஷம் தாங்கினார். அந்தப் பதினைந்து நிமிஷமும் இன்ஜினியர் என் காதுக்குப் பக்கத்தில் நின்று கத்தினான். வேலை போய்விடும் என்றான். நான் வண்டியை நத்தை மாதிரி நகர்த்தினேன். எவ்வளவு மெதுவாகப் போனாலும் சுவர் வந்துவிடுமே. வந்தது. தையல்கார அம்மாவின் முன்சுவர் மிஷின்மேல் சரிந்தது. அவள் அழவில்லை. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், அவ்வளவுதான்.

அதற்குள் ஜீப் கண்ணாடி இறங்கியது. கமிஷனர் தொப்பலாக நனைந்திருந்தார். மாமா பேனாவை நீட்டினார். கையெழுத்து விழுந்ததும் திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி, "நிறுத்து!" என்றார். எனக்கு அவர் அன்றைக்குச் சொன்ன ஒரே உத்தரவு அதுதான். மீதி ஐந்து வீடும் நின்றன.

வீட்டில் ரெண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டேன். "ஒரு ஜாடை காட்டியிருக்கலாம்ல மாமா? அந்தச் சுவர் நின்னிருக்கும்."

"நின்னிருக்கும்" என்றார். அவர் தட்டிலும் சோறு அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் செங்கலும் சிமெண்டும் வாங்கிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். எனக்கு இடிக்கத் தெரியும், கட்டத் தெரியாது. நாலு ஞாயிறு பிடித்தது. மாமாவைக் கூப்பிட்டேன், வரவில்லை. "வழக்கு நடக்குது. நான் கோர்ட் ஆளு, அந்த வாசல்ல நிக்கக்கூடாது." அந்தத் தெரு வழியாகப் போனால் கோர்ட்டுக்கு ஐந்து நிமிஷம். மூன்று வருஷம் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போனார், மழையிலும். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

தீர்ப்பு வந்த அன்று நானும் கோர்ட்டில் நின்றேன். ரோடு வேண்டுமா, எங்கே வேண்டும் என்பதெல்லாம் நகராட்சி பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், அதில் தலையிட மாட்டேன் என்றார் ஜட்ஜ். ஆனால் நோட்டீஸ் கொடுக்காமல், ஈடு கொடுக்காமல் ஒருவர் வீட்டில் கை வைக்க நகராட்சிக்கு அதிகாரம் இல்லை என்றார். ரோடு அதற்குப் பிறகு மறுபக்கக் காலி மனை வழியாகப் போய்விட்டது.

அன்று மாலை மாமா ரயில்வே கேட் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குள் சைக்கிளை விட்டார். தையல்கார அம்மா மிஷினிலிருந்து நிமிர்ந்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா சார்?"

மாமா சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். சுவரை மேலிருந்து கீழ்வரை உள்ளங்கையால் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"கோணலாக் கட்டியிருக்கானேம்மா."

"தெரியும். அந்தக் கோணல்ல துருத்திட்டிருக்கிற செங்கல்லதான் நான் கத்தரிக்கோல் மாட்டுறேன். உள்ள வந்து உக்காருங்க" என்றாள் அவள்.

மாமா செருப்பைக் கழற்றினார்.