நடுக்கோடு போட்ட மாத்திரை

என் மருந்துக்கடையின் மேசை இழுப்பறையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு வெள்ளை மாத்திரை, நடுவில் ஒரு கோடு. பழுப்பேறி ஓரம் உதிர்ந்துவிட்டது. எப்போது காலாவதியானது என்று எனக்கே தெரியாது. உறையிலிருந்து பிரித்த மாத்திரைக்குத் தேதி கிடையாது. கணபதி என்கிற இந்த ஊரில் கடை போடுவதற்கு முன் நான் ஒரு சிறையில் மருந்தாளுநராக இருந்தேன். அங்கிருந்து வந்தது இது.

சிறை மருந்தகத்தின் சுவரில் ஒட்டியிருந்த தர விதிகள், மருந்தை அதன் உறையோடுதான் வைக்க வேண்டும் என்றன. காவல் பிரிவோ, கைதிகள் உறையின் தகட்டை மடித்துக் கையை அறுத்துக்கொள்வார்கள், ஒரு துண்டுகூட உள்ளே போகக் கூடாது என்றது. இரண்டுக்கும் பெயர் பாதுகாப்புதான். ஜெயித்தது காவல் பிரிவு. காலையில் மாத்திரைகளை எல்லாம் பிதுக்கி டப்பாக்களில் கொட்டி, ஆளுக்கொரு காகிதப் பொட்டலமாக மடிப்பது என் வேலை. ஆய்வுக்கு வருகிறவர்கள் டப்பாக்களின் மேலிருந்த என் கையெழுத்தின் அழகைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது.

அங்கே அந்தியூர்க்காரர் ஒருவர் இருந்தார். தண்டனைக் கைதி, வலிப்பு நோயாளி. காலை மாத்திரையை மருந்தக ஜன்னலில் எங்கள் கண்முன் விழுங்குவார். இரவுக்கானதைப் பொட்டலமாக வாங்கிப் போவார். எதையும் சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். ஒருநாள் புரட்டியவர் அப்படியே நின்றார்.

“ஏனுங்க சார், இது என்ற மாத்திரை இல்லீங்க. என்றதுல நடுவுல கோடு இருக்குமுங்க.”

“நீ எந்தக் காலேஜுல படிச்சுப்போட்டு வந்தே?” என்றார் எங்கள் மூத்த மருந்தாளுநர். காவலர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் விழுங்கினார்.

மறுநாளும் அதையே சொன்னார், மறுநாளும் விழுங்கினார். மூன்றாம் நாள் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு காகிதத்தைப் பிரித்து நீட்டினார். “போன வாரம் காச்சல்ல ராத்திரி மாத்திரைய முழுங்காம வெச்சுப்போட்டேனுங்க. இதையும் பாருங்க, அதையும் பாருங்க.”

பார்த்தேன். இரண்டும் வேறு. வலிப்பு மாத்திரை டப்பாவில் வயிற்றெரிச்சல் மாத்திரையைக் கொட்டியிருந்தேன், நானேதான். வாயைத் திறப்பதற்குள் காவலர் அவர் கையைப் பிடித்துவிட்டார். மாத்திரையைப் பதுக்குவது அங்கே குற்றம். சேர்த்துவைத்து மொத்தமாக விழுங்கிவிடுவார்கள் என்ற பயம். “இத அழிச்சுப்போடுங்க சார்” என்று அதை என்னிடம் கொடுத்துவிட்டு அவரை இழுத்துப்போனார். நான் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மதியத்துக்குள் சத்தமில்லாமல் டப்பாவை மாற்றி வைத்தேன். அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன், மடையன்.

அன்று மாலையே தண்ணீர்த் தொட்டியருகே வலிப்பு வந்து விழுந்தார். முன்பற்கள் இரண்டு போயின, நாக்கில் தையல். விசாரணைக்கு முன் மூத்தவர் என்னைத் தனியே அழைத்தார். “தம்பி, பதுக்குனதா அவனே ஒத்துக்கிட்டான். நாம எதுக்குங்க வாயக் குடுக்கோணும்?” மாத்திரையை விழுங்காமல் பதுக்கியதால் வலிப்பு வந்தது என்று அறிக்கை எழுதினார்கள். அவரிடம் இருந்த ஒரே சாட்சியை அவருடைய குற்றமாக்கிவிட்டோம். நான் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம், வேறு காரணம் ஒன்றுமில்லை. அவருக்கு மூன்று மாதம் மனு ரத்து, அதாவது வீட்டார் யாரும் வந்து பார்க்க முடியாது.

மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் அவர் மாத்திரையைப் புரட்டிப் பார்ப்பதே இல்லை. ஜன்னலில் வாயைத் திறந்து காட்டிவிட்டு, தையல் போட்ட நாக்கால் குழறிச் சொன்னார்: “நீங்க எதக் குடுத்தாலும் முழுங்கீர்றேனுங்க சார். எம் புள்ளைய மட்டும் பாக்க உடச் சொல்லுங்க.” என்மேல் துளி கோபமில்லை. என் தப்பு என்பதே அவருக்குத் தெரியாது. சொல்லவும் நான் துணியவில்லை.

இன்று ஒரே ஒரு மாத்திரை கேட்டாலும் தேதி தெரிகிற மாதிரிதான் வெட்டிக் கொடுக்கிறேன். நேற்று ஓர் அம்மாள், “போன தடவ குடுத்தது இப்படி இல்லீங்களே” என்று தயங்கினார். பழைய உறையை வாங்கி, விளக்கடியில் இரண்டையும் வைத்துப் பார்த்து, கம்பெனி மட்டும்தான் வேறு, மருந்து ஒன்றுதான் என்று விளக்கினேன். “உங்களாட்டப் பாத்துக் குடுக்கறவீங்க யாருங்க இருக்கறாங்க!” என்று சந்தோஷமாகப் போனார். இழுப்பறையைத் திறந்து குப்பியைப் பார்த்தேன். அந்த மாத்திரையை அந்தியூர்க்காரர் எல்லோர் முன்னாலும் பிரித்துக் காட்டினார். நான் இன்றுவரை ஒருவருக்கும் காட்டவில்லை.