செல்வம் வீட்டு மாடியில் என் ஹாட் டப்

துறைமுகத்தில் மூட்டை தூக்கியே இடுப்பு போனவன் நான். வெந்நீரில் உட்கார்ந்தால் வலி குறையும் என்று என் வீட்டு மொட்டை மாடியில் ஹாட் டப் வைத்தேன். அதன் ரிப்பேர் வேலையெல்லாம் பார்த்துக்கொண்டது இருபது வருட நண்பன் செல்வம்.

போன மாதம், "உப்புத் தண்ணி ஹீட்டர தின்னுட்ச்சு மாமு. டப்பு இனி தேறாது. காயலான் கடைல போட்டுர்றேன்" என்றான். நம்பிக் கொடுத்தேன்.

இன்று மகளின் கல்யாணப் பத்திரிகையோடு கொருக்குப்பேட்டையில் அவன் வீட்டுக்குப் போனேன்.

"மாடில கீறாருண்ணா" என்றார் அவன் மனைவி.

அங்கே என் நீல டப். ஆவி பறக்கும் தண்ணீரில் கழுத்துவரை செல்வம்.

"வேற ஹீட்டர் போட்டேன் மாமு, ஓடிச்சு" என்றான்.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

பத்திரிகையைக் கொடுக்காமலே இறங்கிவிட்டேன்.

"கூப்டுய்யா, மொய்யா அந்த டப்பையே வெக்கட்டும்" என்கிறாள் என் மனைவி.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள், கூப்பிடலாமா?