மேய்ப்பன் அங்கியில் அக்காவின் கை

கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வந்துவிடுவேன் என்று அக்கா இந்த வருஷம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தாள். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். போன வருஷமும் இப்படித்தான் சொன்னாள். அதற்கு முந்தின வருஷமும் அதே கதைதான். நானும் வெட்கமில்லாமல் ஒவ்வொரு தடவையும் நம்பி, அவளுக்குப் பிடித்த சுறாப் புட்டுக்காக மீன்காரம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பேன். டிசம்பர் பிறந்ததும் போன் வந்தது.

"லீவு குடுக்கலடி. ஆளு இல்லேங்கறாங்க."

"சரிக்கா" என்று வைத்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு வீட்டில் யாரையும் நான் சும்மா விடவில்லை. குழம்பில் உப்பு கம்மி என்று வாயைத் திறந்த என் வீட்டுக்காரருக்கு, உப்பு டப்பாவையே தட்டுக்குப் பக்கத்தில் 'டங்'கென்று வைத்தேன். ஆத்திரம் அடங்கியபிறகு பரண்மேல் ஏறி, அந்தப் பாலிதீன் பையை இறக்கினேன். உள்ளே மேய்ப்பன் அங்கி இருந்தது.

கடலூரில் எங்கள் சபையில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் பிள்ளைகள் நாடகம் போடுவார்கள். அதில் மேய்ப்பர்களுக்கு உடை கொடுப்பது எங்கள் வீட்டு வேலை. பழைய பெட்ஷீட்டைக் கிழித்து அம்மா அங்கி தைப்பாள். அதை அழுக்காக்குவது அக்காவும் நானும். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் நல்ல துணியை நாலு பேர் நம்பும்படி அழுக்காக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. முதல் தடவை நான் டீத்தண்ணியை அங்கி முழுக்கத் தெளித்துவிட்டேன். காய்ந்ததும் பார்த்தால் மேய்ப்பனுக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அழுக்குக்கும் ஒரு நியாயம் இருக்குடி. எங்க உக்காருவான், எங்க மண்டி போடுவான், எங்க கையத் தொடைப்பான், அதப் பாத்துப் போடு."

அப்போது அவள் அண்ணாமலை நகரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். டிசம்பர் லீவுக்குச் சிதம்பரத்தில் பஸ் ஏறி வந்து இறங்கினால், தோளில் இருக்கும் பையைக்கூட வைக்கமாட்டாள். "டீத்தூள் சேத்து வச்சியா?" என்பதுதான் முதல் கேள்வி. வடிகட்டிய டீத்தூளை நான் காயவைத்துச் சேர்த்திருப்பேன். அதைக் கொதிக்கவிட்டு அங்கியை முக்கி எடுத்தால் வெள்ளை மங்கிவிடும். முழங்கையிலும் முழங்காலிலும் கீழ் ஓரத்திலும் உப்புத்தாளால் தேய்த்து நூல் பிரியவிடுவோம். அப்புறம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கேப்பர் மலைச் செம்மண். அம்மாவுக்குத் தெரியாமல் மாவு சல்லடையில் அதைச் சலித்து, கொஞ்சம் அடுப்புச் சாம்பல் கலந்து, சோறு வடித்த கஞ்சியைத் தொட்டுத் தொட்டு அப்புவோம். கஞ்சி இருந்தால்தான் மண் உதிராது. முறுக்கில் மண் கடித்த அன்றைக்கு அம்மாவுக்கு விஷயம் தெரிந்துபோகும். துடைப்பத்தோடு வருவாள். ரெண்டு பேரும் கொல்லைப்புறமாக ஓடிவிடுவோம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் ரெண்டு பேர் கையும் ஒரே அளவு. அம்மா என்னை மட்டும் வளையல் கடைக்குக் கூட்டிப்போய், என் கையில் போட்டுப் பார்த்தே அக்காவுக்கும் வாங்கிவிடுவாள். ஒரு நாளும் அளவு தப்பியதில்லை.

அக்கா வெளிநாடு கிளம்பிய வருஷம், கடைசியாக ஒரு அங்கியை ரெண்டு பேரும் சேர்ந்து செய்தோம். பாதி வேலையில் வாசலில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். செம்மண்ணும் கஞ்சியுமாக இருந்த இடது கையை அங்கியின் இடுப்புப் பக்கம் பச்சென்று ஒரு அப்பு அப்பிவிட்டு எழுந்தாள்.

"ஐயோ, இன்னாக்கா பண்ற!"

"மேய்ப்பன் டவலுக்கு எங்கடி போவான்?"

காய்ந்தபோது அஞ்சு விரலும் அச்சாகப் பதிந்திருந்தன. அவள் போய்விட்டாள், கை இருந்தது. அந்த அங்கியை நான் தண்ணீரில் நனைத்ததே இல்லை. நாடகம் முடிந்ததும் மடித்துப் பையில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவேன். அவள் நினைப்பு ஜாஸ்தியானால் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து இறக்கி, அந்தக் கைமேல் என் கையை வைத்துக்கொள்வேன். விரலுக்கு விரல் பொருந்தும். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் மேய்ப்பனாக வந்தவன் நெடுநெடுவென்று வளர்ந்த பையன். அங்கி முழங்காலுக்கு மேல் ஏறி நின்றது. ஓரத்தைப் பிரித்து இறக்கித் தைத்துத் தருவதாக அவன் அம்மா வாங்கிப்போனார். நாடகத்தன்று மத்தியானம் சிரித்த முகமாக வந்து என் கையில் கொடுத்தார். நீலம் போட்டு, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாத அங்கி. மேலே ஒரு டப்பா அச்சு முறுக்கு.

"ஒரு அழுக்காம்மா அது! அலசு அலசுன்னு அலசினேன். பண்டிகை நாளும் அதுவுமா எம்புள்ள ஆண்டவர் சமுகத்துல அழுக்கோடவா நிப்பான்? இந்த டீக்கறை மட்டும் இன்னா பண்ணியும் போவல. மனசுல வச்சிக்காத கண்ணு."

பிரித்துப் பார்த்தேன். இடுப்புப் பக்கம் துடைத்து விட்ட மாதிரி இருந்தது. "ரொம்ப நல்லாருக்கு ஆண்ட்டி" என்றேன். அந்த அம்மாளை என்ன சொல்ல முடியும்? பண்டிகைக்குத் துவைத்த துணி உடுத்துவதுதானே எங்கள் எல்லோர் வீட்டிலும் வழக்கம். அவர் தெரு முனை திரும்புகிறவரை பொறுத்திருந்து, அக்காவுக்குப் போன் போட்டு ஓவென்று அழுதேன்.

விஷயத்தைக் கேட்டு அவள் முதலில் சிரித்தாள். "அழுக்கு போச்சேன்னு அழுவுறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்டி."

"அழுக்குக்கு யாரு அழுதா? உன் கை போச்சுக்கா. அது ஒண்ணுதான் இங்க இருந்துச்சு. நீயும் வரமாட்டேங்குற."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் நர்ஸ் குரலில் ஆரம்பித்தாள்.

"செம்மண்ணு இருக்கா?"

"பூந்தொட்டில இருக்கு."

"கஞ்சி?"

"அதான் தாராளமா போட்டு வச்சிருக்காங்களே."

"அப்பறம் இன்னா? குழைச்சு உன் கைய வையி. இடது கை. அம்மா யாரு கைய வச்சுடி எனக்கு வளையல் வாங்குனா?"

வைத்தேன். முழங்காலுக்கும் ஓரத்துக்கும் அவசர அவசரமாக மண் அப்பினேன். வெயிலில் போட்டதும் காய்ந்துவிட்டது. அக்கா கை மாதிரியேதான் இருந்தது. ஆனால் அது என் கை என்று எனக்குத் தெரியுமே, அதுதான் தாங்கவில்லை.

சாயங்காலம் நாடகத்தில் மேய்ப்பன் நெருப்புக்கு முன்னால் பக்கவாட்டில் குந்தினான். இடுப்பில் அஞ்சு விரலும் பளிச்சென்று தெரிந்தன. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா பதறிப்போனார்.

"ஐய, அங்க பாரும்மா! அவ்ளோ கஷ்டப்பட்டுத் துவச்சேன். எவளோ கையத் தொடச்சுட்டுப் போயிருக்கா!"

"எங்க அக்காதான் ஆண்ட்டி." யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது.

"வந்துட்டாளா? சொல்லவே இல்லியே! எங்க?" என்று அவர் பாதி எழுந்து, வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நானும் திரும்பிப் பார்த்தேன்.