நன்னெறி விடுதியின் மேனேஜர்

போன மாதம்வரை அந்த விடுதி மேனேஜருக்குப் புதிய சுற்றுலாக் கொள்கை என்றால் பரம சந்தோஷம். சமய நெறிக்கு ஒத்து நடக்கும் விடுதிகளுக்கு மட்டும்தான் இனி யாத்திரை பஸ்களை அனுப்புவோம், அவற்றுக்கு ‘நன்னெறி விடுதி’ என்று பலகையும் கொடுப்போம் என்று அரசாங்கம் அறிவித்தபோது, "இப்பத்தான்யா புத்தி வந்திருக்கு" என்று கைதட்டாத குறை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் கடவுளைக் கும்பிடாமல் பதிவேட்டைத் திறந்ததில்லை மனுஷன்.

அதிகாரி சோதனைக்கு வரும் நாள் நெருங்கத்தான் விதிகளை முழுசாகப் படித்துப் பார்த்தார். ஜோடியாகத் தங்குகிற ஒவ்வொருவரிடமும் கல்யாணச் சான்றிதழ் இருக்க வேண்டுமாம். "பலகை கிடைக்கலைன்னா விடுதியை மூடிடுவேன். நீங்க வேற இடம் பாத்துக்கோங்க" என்று முதலாளி போனில் சொல்லிவிட்டார். ஐம்பத்தாறு வயதில் எந்த இடத்தைப் பார்ப்பது? சான்றிதழ் இல்லாத மூன்று ஜோடிகளைச் சோதனை நாள் காலையிலேயே காலி செய்யச் சொல்லிவிட்டார் மேனேஜர். "நாப்பது வருஷமா இவதான் தம்பி என் சம்சாரம்" என்று ஒரு பெரியவர் கெஞ்சிப் பார்த்தார். மேனேஜர் மசியவில்லை.

வந்த அதிகாரி கெட்டிக்காரர். மாடி அறைகளை ஒப்புக்குப் பார்த்துவிட்டு, படிக்கட்டுக்கு அடியில் இருந்த சின்ன அறையின் கதவைத் தள்ளினார். கொடியில் ஒரு சட்டையும் ஒரு புடவையும் தொங்கின.

மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருகிறவர் போகிறவரையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தவருக்கு, தானும் மனைவியும் இங்கேயே தங்குகிற ஜோடி என்பது உறைக்கவே இல்லை. கடவுள் முன்னால் பெரியவர்கள் நடத்திவைத்த கல்யாணம். அதைப் போய்ப் பதிவு செய்ய வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?

"இது யார் ரூம்?"

"என்னோடதுதான் சார்."

பின்வாசல் வழியாக மனைவி விளக்குமாறோடு உள்ளே வந்தாள்.

"அந்தம்மா யாரு?"

"வேலைக்கு இருக்காங்க சார். பகல்ல மட்டும் வருவாங்க. அந்தப் புடவை... அவங்க மாத்துத் துணி."

அவள் அறைக்குள் போய்க் கூட்ட ஆரம்பித்தாள். அதிகாரி தாளில் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார். மேனேஜருக்கு உயிர் திரும்பி வந்தது. ராத்திரி சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், அவளுக்குப் புரியாதா என்ன!

சாயங்காலம் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஆறு மணி ஆச்சு சார். கிளம்பட்டுமா?"

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் நிமிர்ந்தார். அவள் கையில் பெட்டி இருந்தது.